விருந்தாளியை வேலைக்கு விடுங்கள்

வனக்காவல் நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே,

அடுத்த மாதம் நேபாளத்திலிருந்து இரண்டு வனக்காவலர்கள் உங்களிடம் வருகிறார்களாம். மூன்று வாரம் உங்களோடு தங்கி வேலை பழகுவார்களாம். கேள்விப்பட்டேன், சந்தோஷம். அதற்காக வரவேற்புக் குழு என்று ஒன்றை அமைத்து, வாழை மரம் கட்டுவது யார், மாலை எங்கே எடுப்பது, பொன்னாடை பட்டா பருத்தியா என்று இரண்டு மணித்தியாலம் கூட்டம் போட்டீர்களாம். அதையும் கேள்விப்பட்டேன். ஓய்வு பெற்றவனுக்குக் காது நன்றாகக் கேட்கும், அவனுக்கு வேறு வேலை இல்லை.

அந்தக் கூட்டத்தில் எழுதிய தாளைக் கிழித்துப் போடுங்கள். கோபத்தில் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் கோபத்தில்தான் சொல்கிறேன். முப்பத்திரண்டு வருடம் இந்தச் சீருடையைப் போட்டவன் நான். யானைக்கும் முதலைக்கும் அரசியல்வாதிக்கும் நடுவில் நின்று பழகியவன். அத்தனை வருடத்தில் நான் விட்ட பிழைகளில் ஆகப் பெரியதை ஒரு விருந்தாளியை வைத்துத்தான் விட்டேன். அதுவும் நல்ல மனதோடு விட்டேன். நல்ல மனதோடு விடுகிற பிழையில் ஒரு கரைச்சல் இருக்கிறது. அதைப் பிழை என்று நமக்கு ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம், ஓகஸ்ட் மாதம், தமிழ்நாட்டு ஆனைமலைப் பக்கத்திலிருந்து ஒரு வனக்காவலர் வேலை பழக நம்மிடம் வந்தார். பெயர் மகேஸ்வரி. முப்பத்தைந்து வயது இருக்கும். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானைகள் நடக்கும் மலையில் பதினொரு வருடம் காவல் பார்த்தவர். இனி இந்தக் கடிதத்தில் அவளை அவள் என்றே எழுதுகிறேன். மரியாதை போட்டு எழுதினேன் என்று தெரிந்தால் கடல் தாண்டி வந்து என்னோடு சண்டை பிடிப்பாள்.

இன்றைக்கு அவளுடைய மலைக்கும் நமது மட்டக்களப்பு வாவிக்கும் நடுவில் போன் ஓயாது. அங்கே ஒரு காவலர் கரடியிடம் கடிபட்டால் இங்கே நமக்குச் சோறு இறங்காது. நமது ரிஸ்வான் அங்கே போய், மழைக்காலத்தில் ஆறு பெருகினால் அக்கரைக்கு ரோந்து போக வழியில்லாமல் இருந்தவர்களுக்குத் தோணி வலிக்கப் பழக்கிவிட்டு வந்தான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்கே தொடங்கியது என்று தெரியாது. ரிஸ்வானிடம் கேட்டால் தன்னைக் கதாநாயகனாக்கித்தான் சொல்வான். அதனால் நான் சொல்கிறேன்.

மகேஸ்வரி வந்து இறங்கியபோது முதுகில் ஒரு பை, கையில் ஒரு சோடிச் சப்பாத்து. குதி தேய்ந்து, கயிறு இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்ட சப்பாத்து. வேலை செய்கிறவளுடைய சப்பாத்து என்று பார்த்தவுடனே தெரிந்தது. அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? சப்பாத்தை அவள் கையிலிருந்து வாங்கி ரிஸ்வானிடம் கொடுத்துவிட்டு, கழுத்தில் மாலையைப் போட்டுப் பொன்னாடையும் போர்த்தினேன்.

ரிஸ்வான் அப்போது நமது நிலையத்துச் சாரதி, தோணிக்காரன், காவலன் எல்லாம். காத்தான்குடிப் பிள்ளை. ஒருவனே மூன்று பேருடைய வேலையைச் செய்வான், நான்கு பேருடைய பேச்சைப் பேசுவான். அவனைக் கூப்பிட்டு, "தம்பி, இந்தப் புள்ள திரும்பிப் போகும் வரைக்கும் உனக்கு வேற வேலையில்ல. நிழல் மாதிரி கூட நிக்கணும். ஒரு குறை வரப்படாது" என்றேன். அவனும் தலையாட்டினான்.

தங்குவதற்கு ஆரையம்பதியில் எங்கள் வீடு. மட்டக்களப்பு ஆட்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது. வெளியூரிலிருந்து ஒருவர் வந்துவிட்டால் அவர் மூச்சு முட்டும் வரை உபசரிப்போம். எங்கள் வீட்டுக்காரிக்கு அந்த வியாதி முற்றியது. காலையில் பிட்டும் தேங்காய்ப்பால் பாலாணமும், மத்தியானம் நண்டுக் கறி, பின்னேரம் எருமைத் தயிரும் பாணியும். இரண்டாம் நாள் விடியற்காலையில் மகேஸ்வரி எழும்பி வளவைக் கூட்டத் தொடங்கினாள். என் மனைவி ஓடிப்போய் விளக்குமாற்றைப் பறித்துக்கொண்டாள்.

"எங்கட வீட்டுக்கு வந்த புள்ள வளவு கூட்டுறதா? சனம் என்ன கதைக்கும்? நீங்க போய் இரிங்க புள்ள, தேத்தண்ணி கொண்டு வாறன்."

நிலையத்திலும் அதே கூத்துத்தான். வாவியில் பறவை கணக்கெடுக்கப் போனோம். நாங்கள் எல்லோரும் தோணி விளிம்பில் குந்தியிருக்க, அவளுக்கு மட்டும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. துடுப்பைத் தொடப் போனாள், ரிஸ்வான் விடவில்லை. வவுணதீவுப் பக்கம் மின்வேலி திருத்தப் போனோம். கம்பியை இழுக்கக் கை நீட்டினாள், அந்தக் கையில் நான் ஒரு செவ்விளநீரைக் கொடுத்தேன். படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் இன்னும் நிலையத்துச் சுவரில் தொங்குகிறது. அடுத்த தடவை அதைப் பார்க்கும்போது என் முகத்தைப் பாருங்கள். எவ்வளவு பெருமை! பிறகு அவள் முகத்தையும் பாருங்கள்.

மூன்றாம் நாள் பின்னேரம் அவளே கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, நாளைக்காவது எனக்கு ஒரு வேலை குடுப்பீங்களா?"

நான் சிரித்தேன். "நீங்க எங்கட விருந்தாளி தங்கச்சி. மட்டக்களப்பான் கூப்பிட்டு வேலை வாங்கிப்போட்டான் எண்டு அங்க போய்ச் சொன்னா எங்களுக்கு வெக்கமெல்லோ?"

அவள் சிரிக்கவில்லை. எழும்பி உள்ளே போனாள். களைப்பாக்கும் என்று நினைத்து, மனைவியிடம் இன்னொரு கோப்பைத் தயிர் கொடுக்கச் சொன்னேன்.

நாலாம் நாள் காலை ஆறு மணிக்குப் படுவான்கரையிலிருந்து போன் வந்தது. வாவிக்கு மேற்கே, வவுணதீவுக்கு அப்பால் வயல் செய்கிற தம்பிராசா அண்ணன். அவருடைய வயலோரத்தில் பாவிக்காமல் விட்ட பழைய கிணறு ஒன்று இருந்தது. கட்டில்லாத கிணறு. இரவு யானைக் கூட்டம் அந்த வழியாகப் போயிருக்கிறது. விடிந்து பார்த்தால் உள்ளே ஒரு குட்டி.

"ஐயா, யானையில எனக்குக் கோபம்தான். போன வருசம் என்ட வயல் வாடிய உடைச்சு நெல்லெல்லாம் திண்டுபோட்டுதுகள். ஆனா இது குட்டி ஐயா. அழுற சத்தம் கேக்க ஏலாம கிடக்கு. கெதியா வாங்க."

வாவியைக் கடந்து போய்ச் சேர ஏழு மணி ஆகிவிட்டது. கிணறு இரண்டு ஆள் ஆழம். அடியில் முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீர். குட்டிக்கு ஒரு வயதுகூட இராது. தும்பிக்கையை மேலே தூக்கித் தூக்கிச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் மண் இடிந்து அதன் தலையிலேயே விழுந்தது. வெயில் ஏற ஏற அது களைத்துவிடும், களைத்தால் சேற்றில் விழுந்துவிடும், விழுந்தால் எழும்பாது. இது ஒரு கணக்கு. இன்னொரு கணக்கு, தாய் தூரப் போயிருக்காது. குட்டியை எடுக்கிற மனிதர்களை அது குட்டியைப் பிடிக்கிற மனிதர்களாகத்தான் பார்க்கும்.

நல்லகாலம், பக்கத்தில் வீதி வேலைக்கு வந்து நின்ற மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் ஒன்று கிடைத்தது. கிணற்றின் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டிப் பாதை அமைத்தால் குட்டி தானாக நடந்து ஏறும். அதுவரை நான்கு பக்கமும் ஆள் நின்று தாய் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கேதான் நான் மண்டை பிசகினேன். கவனமாகக் கேளுங்கள்.

நாங்கள் ஐந்து பேர். சனக்கூட்டத்தைத் தள்ளி வைக்க ஊர்ப் பக்கம் இரண்டு பேர். பற்றைக்காட்டுப் பக்கம் ஒருவர். கிணற்றடியில் நான். மிச்சம் குளக்கட்டுப் பக்கம். அதற்கு ரிஸ்வான் இருந்தான். ஆனால் ரிஸ்வான் விருந்தாளிக்குக் காவல். அவளைக் கெப் வண்டிக்குள் இருத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒரு பிளாஸ்க் தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்து, "இறங்கப்படாது தங்கச்சி, உங்களுக்கு ஒண்டு நடந்தா நான் நாட்டுக்குப் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். குளக்கட்டுப் பக்கம் குளம் இருக்கிறது, யானை அந்த வழியால் வராது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஓகஸ்ட் மாதத்தில் அந்தக் குளத்தில் நாய் குளிக்கவும் தண்ணீர் இராது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அப்படி நினைத்தேன்.

பதினொரு வருடம் யானைகளுக்கு நடுவில் வேலை செய்த ஒருத்தியை மூடி வைத்தேன். அவளை மூடி வைக்க இன்னொரு கெட்டிக்காரனையும் கட்டி வைத்தேன். ஒரு மாலை போட்ட குற்றத்துக்கு எனக்கு இரண்டு ஆள் குறைந்தது.

பெக்கோ வெட்டத் தொடங்கியது. இரைச்சல் காதைப் பிளந்தது. கால் மணித்தியாலம் போயிருக்கும். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் மகேஸ்வரி. இந்த நேரத்தில் இவளுக்கு என்ன வேண்டும் என்று வெட்டிவிட்டேன். திரும்ப அடித்தாள். திரும்ப வெட்டினேன். மூன்றாம் தடவை எடுத்து, அவள் வாய் திறக்க முன்னமே சொன்னேன், "தங்கச்சி, மலசலகூடம் போறதெண்டா ரிஸ்வானிட்டச் சொல்லுங்க. பக்கத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவான்."

"அண்ணா, மெஷினை நிறுத்தச் சொல்லுங்க. தாய் குளத்துக் கட்டு மேல ஏறி நிக்குது. உங்க முதுகுக்குப் பின்னால. திரும்பி ஓடீராதீங்க."

பிள்ளைகளே, நான் பயந்த தருணங்கள் பல. அன்றைக்குப் போல் பயந்ததில்லை. கையை உயர்த்திப் பெக்கோவை நிறுத்தினேன். மெதுவாகத் திரும்பினேன். நூறு மீற்றர் தூரத்தில் கட்டின் மேலே தாய் நின்றது. காது இரண்டும் விரிந்திருந்தது. அதற்கும் எங்களுக்கும் நடுவில், கட்டின் இந்தத் தலைப்பில், நமது கெப் வண்டி நின்றது. கண்ணாடி இறங்கியிருந்தது.

பிறகுதான் அறிந்தேன். வண்டிக்குள் இருந்த அவள் ரிஸ்வானைப் பார்த்து, "ஏனுங்க தம்பி, அந்தக் கட்டு மேல ஆரு நிக்கறாங்க?" என்று கேட்டிருக்கிறாள். ஒருவரும் இல்லை என்றிருக்கிறான். "அப்ப நம்ம போலாம்." "ஐயா இறங்கக் கூடாதெண்டு செல்லிரிக்கார்." "எறங்க வேண்டாம். வண்டியோடவே போலாம்." ரிஸ்வான் வண்டியை எடுத்துக் கட்டின் தலைப்பில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறான். 

கிணற்றடியில் என் பக்கத்தில் தம்பிராசா அண்ணன் நின்றார். யானை வெடியை ஒரு கையிலும் நெருப்புப்பெட்டியை மறு கையிலும் எடுத்துவிட்டார். குச்சியை உரசியும் விட்டார். ஒரு வெடி போட்டால் யானை ஓடும். அதுதான் நாங்கள் காலங்காலமாகச் செய்வது. நானும் போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். போனில் அவள் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை.

"வெடி மட்டும் வேண்டாமுங்கண்ணா. போட்டா ஓடும். ஆனா குட்டி இருக்கற பக்கந்தான் ஓடும்."

அவளுக்கு இந்த ஊர் தெரியாது. இந்த யானையைத் தெரியாது. என்னை நான்கு நாள்தான் தெரியும். ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரிந்தது. பல தடவை இப்படி நின்ற ஆளுடைய குரல் அது. எந்த நாட்டுச் சீருடை போட்டாலும் அந்தக் குரல் ஒன்றுதான். தம்பிராசா அண்ணனுடைய கையைப் பிடித்துக் குச்சியை ஊதி அணைத்தேன்.

"இப்ப என்ன செய்யிற?" என்று போனில் கேட்டேன். நான்கு நாளில் நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அவள் சொன்ன முறையை நீங்கள் எல்லோரும் இப்போது பயிற்சியில் படிக்கிறீர்கள். அன்றைக்கு எனக்குப் புதிது. அவர்களுடைய மலையில் யானைக்கு அருகே வேலை செய்ய வேண்டி வந்தால், ஒருவர் யானையைப் பார்த்தபடி, நிறுத்தாமல், ஒரே குரலில் பேசிக்கொண்டிருப்பார். யானைக்கு ஆள் எங்கே என்று தெரிந்துவிடும், திடுக்கிடாது. வேலை செய்கிறவர்கள் தலையை நிமிர்த்தத் தேவையில்லை. பேச்சுக் கேட்கும் வரை வெட்டலாம். பேச்சு நின்றால் ஏன் என்று கேட்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. போட்டது போட்டபடி ஓட வேண்டும்.

"நான் பேசறேன். நீங்க போனைச் சத்தமா வெச்சுட்டுக் கையால வெட்டுங்க. மெஷின் வேண்டாம்."

இன்னும் ஒரு ஆள் நீளத்துக்கு வெட்ட வேண்டியிருந்தது. தம்பிராசா அண்ணன், பெக்கோக்காரர், ஊரில் மூன்று பேர், நான். ஆறு மண்வெட்டி. போனை ஒரு கல்லின் மேல் வைத்தேன். முதுகைத் தாய்க்குக் காட்டிக்கொண்டு குனிந்தோம். அவள் பேசத் தொடங்கினாள்.

"ஏந்தாயி, உம் புள்ளைக்கு ஒண்ணுமாகல. மண்ணுதான் வெட்டறாங்க. நீ அப்படியே நில்லு. நானும் மூணு நாளா உன்ன மாதிரித்தான் சும்மா நிக்கறேன். வேல ஒண்ணும் கெடையாது. காலைல பிட்டு, மத்தியானம் நண்டு, சாயங்காலம் தயிரு. வந்தப்பப் போட்டிருந்த பேண்ட்டு இப்பப் பட்டன் போட மாட்டேங்குது."

நான் மண்வெட்டியை ஓங்கியபடி ஒரு கணம் நின்றேன். பிறகு வெட்டினேன். நிற்கக் கூடாதல்லவா?

"அக்கா கைப்பக்குவம் அப்படி. நான் ஒண்ணும் கொற சொல்லல. ஆனா ஒரு தம்ளரு கழுவ உடல தாயி. வெளக்குமாத்தப் புடுங்கிட்டாங்க. தோணியில போனோம், நடுவுல சேர் போட்டு உக்கார வெச்சாங்க. நான் என்ன சாமி செலையா?"

தம்பிராசா அண்ணனுடைய தோள் குலுங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். சால்வைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தார். போனில் ரிஸ்வான் கிசுகிசுப்பது கேட்டது. "அந்தக் கதிரய நான் வெச்சதில்ல எண்டு அதுக்கிட்டச் செல்லுங்க."

"இந்தத் தம்பி வெக்கலியாமா. அந்த அண்ணந்தான் வெச்சாரு. அதா, கெணத்துப் பக்கம் தொப்பி போட்டுட்டு வெட்டறாரே, அவருதான். நல்ல மனுசன். ஆனா நான் போன் பண்ணுனா, ஒண்ணுக்குப் போகணும்னு நெனச்சுக்கறாரு. நானும் அவரும் ஒரே வேலதான் பாக்கறோம் தாயி. எங்கூர்ல எம் பக்கத்துல நின்னு கம்பி இழுக்கறவனை எனக்குத் தம்பின்னு தெரியும். எளநி குடுக்கறவங்கள என்னான்னு நெனக்கறது? கூடப்பொறந்தவனா, கடைக்காரனா?"

சிரிப்பு அடங்கிவிட்டது. எனக்கு மட்டும் இல்லை, மற்றவர்களுக்கும் அது தைத்தது. குனிந்து வெட்டிக்கொண்டே கேட்டேன். ஓட முடியாது, மறுமொழி சொல்ல முடியாது, முகத்தை மறைக்கவும் முடியாது. வியர்வை என்று துடைத்தேன். வியர்வை மட்டும் இல்லை.

முக்கால் மணித்தியாலம் பேசினாள். தன் ஊரைப் பற்றி, மகள் கணக்குப் பாடத்தில் வாங்குகிற புள்ளியைப் பற்றி, அங்கே ஒருமுறை யானைக் கூட்டத்தைத் துரத்திக் கால் முறிந்த தன் பழைய மேலதிகாரியைப் பற்றி. ஒரே குரல். அந்தக் குரல் ஓடிக்கொண்டிருந்த வரை எங்கள் கைக்குப் பயம் வரவில்லை. சரிவு அடியைத் தொட்டது. குட்டி முன்னங்காலை வைத்துப் பார்த்தது, வழுக்கியது. இரண்டு பேர் வைக்கோலைப் போட்டோம். திரும்பவும் வைத்தது. ஒரு அடி ஏறியது. இன்னொரு அடி.

பேச்சு நின்றது.

ஓடினோம். ஐயோ, ஓடிய ஓட்டம்! பெக்கோக்காரர் என்னை முந்தினார், தம்பிராசா அண்ணன் அறுபது வயதில் எங்கள் இரண்டு பேரையும் முந்தினார். என் தொப்பி ஒரு பக்கம், அவருடைய சால்வை ஒரு பக்கம். வயல் வரப்பில் இடறி நானும் இன்னொருவரும் ஒன்றாக விழுந்தோம். விழுந்த இடத்திலேயே தலையைப் பொத்திக்கொண்டு படுத்தோம். ஒன்றும் வரவில்லை. மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தால், பற்றைக்காட்டு ஓரத்தில் ஒரு பெரிய முதுகும், அதன் வயிற்றுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன முதுகும் போய்க்கொண்டிருந்தன. முப்பத்திரண்டு வருடச் சேவையில் ஆக அழகான காட்சியை வாயில் மண்ணோடு நான் பார்த்தேன், அதுவும் பின்பக்கத்தை மட்டும்.

கெப் வண்டியிடம் ஓடினோம். மகேஸ்வரி வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டு தேம்பி அழுதுகொண்டிருந்தாள். ரிஸ்வானும் அழுதுகொண்டிருந்தான், ஆனால் தூசி என்று சொன்னான்.

"ஏன் பேச்சை நிப்பாட்டின நீங்க?" என்று கேட்டேன்.

"குட்டி தலை மேல தெரிஞ்சதும் தாய் எறங்கி நடக்க ஆரம்பிச்சிருச்சுங்கண்ணா. ஓடுங்கன்னு கத்தறதுக்கு வாயத் தெறந்தேன். தொண்டை அடைச்சுருச்சு. பேச்சு வரல. என்ன மன்னிச்சுருங்க."

மன்னிப்பதா! அந்த முறையின் அருமை எனக்கு அப்போதுதான் விளங்கியது. கத்தித்தான் எச்சரிக்க வேண்டும் என்று வைத்திருந்தால் அன்றைக்கு ஆறு பேரும் அந்தத் தாயின் காலடியில் நின்றிருப்போம். காவல் நிற்கிறவரும் மனிதர்தான், அவருக்கும் தொண்டை அடைக்கும், நாக்கு ஒட்டும் என்று யாரோ முன்பே யோசித்து, மௌனத்தையே எச்சரிக்கையாக வைத்திருக்கிறார்கள். பெயர் தெரியாத, எங்கோ மலையில் இருந்த அந்த ஆள் அன்றைக்குப் படுவான்கரையில் ஆறு குடும்பத்தைக் காப்பாற்றினார். இதை நீங்கள் எந்தச் சுற்றறிக்கையிலும் படித்திருக்க மாட்டீர்கள். இப்படிப்பட்டவை ஒரு காவலர் வாயிலிருந்து இன்னொரு காவலர் காதுக்குத்தான் வரும். அதற்கு இரண்டு பேரும் பக்கத்தில் நிற்க வேண்டும், ஒரே சேற்றில்.

ஊர்ச்சனம் கூடிவிட்டது. தம்பிராசா அண்ணனுடைய வீட்டிலிருந்து இளநீர் வந்தது. முதல் இளநீரை எல்லோரும் மகேஸ்வரியிடம் நீட்டினார்கள். ஒருவர் அவளுக்கு உட்காரக் கதிரை தேடினார். அவள் என்னைப் பார்த்தாள். கண் இன்னும் ஈரம். அந்தப் பார்வையில் பயம் இருந்தது, பிள்ளைகளே. யானைக்குப் பயப்படாதவள் அந்தக் கதிரைக்குப் பயந்தாள்.

அந்தக் கிணறு வாயைத் திறந்தபடி கிடந்தது. அன்று இரவும் யானைக் கூட்டம் அந்த வழியாகத்தான் போகும்.

கதிரையைத் திரும்பக் கொண்டுபோகச் சொன்னேன். வரப்பில் கிடந்த ஒரு மண்வெட்டியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"மகேஸ்வரி, கிணத்த மூடாமப் போகேலாது. பெக்கோ மண்ணைத் தள்ளும். ஓரத்த நீயும் ரிஸ்வானும் பாருங்க. கெதியா. சுணங்கினா ஏசுவன்."

ஒரு கணம் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு அவள் முகம் விரிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாலை போட்டபோது இல்லை, பொன்னாடை போர்த்தியபோது இல்லை, நண்டுக் கறிக்கு இல்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"சரிங்கண்ணா!"

ஓடிப்போய் இறங்கினாள். அரை மணித்தியாலத்தில் ரிஸ்வானை வேலை தெரியாதவன் என்று திட்டத் தொடங்கிவிட்டாள். அவனும் விடவில்லை. இரண்டு பேருடைய சண்டையையும் கேட்டுக்கொண்டு நான் மண் தள்ளினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம், யாரும் பார்க்காவிட்டால் அந்த வரப்பில் ஆடியிருப்பேன்.

பன்னிரண்டு மணிபோல் வீட்டிலிருந்து போன் வந்தது. மனைவி.

"இஞ்சாருங்க, நண்டு எடுத்து வெச்சிருக்கன். விருந்தாளிப் புள்ளய எத்தின மணிக்குக் கூட்டிக்கொண்டு வாறீங்க?"

கிணற்றைப் பார்த்தேன். ஊர்ப் பக்கம் நின்ற இரண்டு பேரும் பற்றைக்காட்டுப் பக்கம் நின்றவரும் வந்து சேர்ந்திருந்தார்கள். எல்லோரும் தலை முதல் கால் வரை சேறு. யார் எந்த நாடு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"இஞ்ச விருந்தாளி ஒருத்தரும் இல்ல புள்ள" என்றேன். "நாங்க ஆறு பேர் வேலையில நிக்கிறம். ஆறு பேருக்கும் சோறு கட்டி அனுப்பு."